சத்தம் போடாதீங்க

கார்கில் போர் முடிந்து விடுப்பில் வந்த சிப்பாய் வேலாயுதத்துக்கு ஒரு வாரமாகப் பொட்டுத் தூக்கமில்லை. குண்டுச் சத்தம் இன்னும் அவனை விடவில்லை என்று பதறிப்போனாள் மனைவி மைதிலி. குக்கரைக்கூட விசிலடிக்க விடவில்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"இந்தத் தீபாவளிக்கு வெடி நக்கோ! வேண்டவே வேண்டாம்!"

தீபாவளியன்று மத்தியானம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. பெரிய சரம் ஒன்று படபடவென்று வெடித்தது.

"அடப்பாவிங்களா, அவரு துடிச்சுப் போயிடுவாரு!" ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைச் சரத்தின்மேல் கொட்டி அணைத்துவிட்டு உள்ளே வந்தாள் மைதிலி.

வேலாயுதம் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரு நிறுத்துனது? இப்பத்தான் அசந்து தூங்கினேன். அங்க நம்ம பீரங்கி முழங்கினாத்தான் தூக்கமே வரும், மைதிலி. சத்தம் நின்னுட்டா எதிரி கிட்ட வந்துட்டான்னு அர்த்தம்."

மைதிலி ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய் பசங்களா, இன்னொரு சரம் இருக்காடா?"