இடது கண்ணின் ஓரம்

வேலை நேரத்தில் கிரேன்காரம்மா கீழே இறங்கி அந்தத் துறைமுகத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று காலை பதினொரு மணிக்கே இறங்கினாள்.

நூற்று நாற்பது படிகள். பாதியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

மேற்பார்வையாளரின் அறைக்குள் போய், அவர் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.

"என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போங்களேன்."

அவள் எழுத ஆரம்பித்திருந்தாள். லீவரைப் பிடித்தே பழகிய விரல்களுக்குள் பேனா வழுக்கியது.

வேலையா வீடா என்று அந்தக் காலத்தில் புருஷன் கேட்டான். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலை என்றாள்.

பொம்பளை தூக்குகிற கண்டெய்னருக்கு அடியில் நிற்க மாட்டோம் என்று ஆண்கள் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. சண்டைக்கும் போகவில்லை. நாலாம் நாள் காலையில் ஏறி உட்கார்ந்து, முட்டையை இறக்கி வைப்பதுபோல முதல் பெட்டியைக் கப்பலில் வைத்தாள்.

அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம். ஒரு பெட்டி எங்கேயும் இடித்ததில்லை. அன்றைக்கு வாய் கிழியப் பேசியவர்களே, அம்மாவுக்கு எந்த ஷிஃப்ட் என்று விசாரித்து வேலைக்கு வந்தார்கள்.

மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் படித்தார். இரண்டே வரி.

'என் இடது கண்ணில் ஓரம் தெரியவில்லை. இனி என்னை மேலே அனுப்ப வேண்டாம்.'

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கண் பரிசோதனைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது, யாரும் புகார் சொல்லவில்லை, அதுவரைக்கும் ஓட்டிவிடலாமே என்றார். நல்ல மனுஷன்தான்.

"ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல சார். கையெழுத்தப் போடுங்க."

போட்டார்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. சுவரில் சாய்ந்து நின்றாள்.

கீழே நின்று கொடி காட்டும் பெண் எதிரே ஓடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். மஞ்சள் சட்டை இன்னும் கசங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியபடியே சிரித்தாள்.

"நல்ல ஆளும்மா நீ! செவப்புக் கொடிய ஆட்டிக்கிட்டே இருக்கேன், பெட்டிய என் தலைக்கு ஒரு முழம் வரைக்கும் கொண்டாந்துட்டு நிறுத்துற. பயந்து ஓடுறேனான்னு பாத்தியா?"

கிரேன்காரம்மா, வியர்வையில் நனைந்திருந்த மகளின் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை.