ஹெஸ்டரின் மூக்கு

"அந்தப் பேரை எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் டெரிக். ஊராட்சி அலுவலக எழுத்தர் ஃபிலிப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"'ஹெஸ்டரின் மூக்கு'ன்னு ஒரு காடு இங்கிலாந்துல வேற எங்க சார் இருக்கு? லண்டன்லேர்ந்து வந்து அந்தப் பலகை முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க. வெச்ச மகராசன் நல்லா இருக்கணும்!"

"நான்தான் வெச்சேன். கல்யாணமான புதுசு. பப் ஜன்னல் வழியாப் பார்த்தா அந்தக் காடு அச்சு அசல் என் மாமியார் ஹெஸ்டரோட மூக்கு மாதிரியே நீட்டிக்கிட்டு இருக்கும். பியர் போதையில சொல்லிட்டேன், ஊரே பிடிச்சுக்கிச்சு. வரைபடம் போட வந்தவங்க காட்டோட பேர் கேட்டப்போ, பப்ல இருந்த அத்தனை பேரும் அதையே சொல்லிட்டாங்க. அச்சாயிடுச்சு."

"அவங்க சண்டை போட்டாங்களா?"

"ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் குத்துச்சு. ஞாயித்துக்கிழமை விருந்துலகூட நான் அவங்க முகத்தைப் பார்த்துப் பேசினதில்ல. போன வாரம் அவங்களை அடக்கம் பண்ணியாச்சு. இனிமேலாவது... நீங்களும் வருஷா வருஷம் பலகைக்குப் பளபளன்னு பச்சைப் பெயின்ட் அடிச்சு மானத்தை வாங்கறீங்க."

ஃபிலிப்பாவின் சிரிப்பு நின்றது.

"நாங்க ஒரு தடவைகூட அடிச்சதில்ல சார். வசந்தம் வந்தா ஹெஸ்டர் அம்மாவே டப்பாவும் பிரஷ்ஷுமா வந்துடுவாங்க. 'என் மாப்பிள்ளை எனக்காக வெச்ச பேரு, மங்கிடக் கூடாது'ம்பாங்க."

டெரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பச்சை எந்தக் கடையில கிடைக்கும்மா?"