வீட்டுக்கு ஒரு பூங்கா

எண்பது மாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பூங்கா என்று விளம்பரம் செய்தார்கள், பொய்யில்லை. இருந்த ஒரே பூங்காவை மைசூர்பாகு மாதிரித் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். ஓவியா வீட்டுப் பங்கு ஒரு கால்மிதி அளவு. அடுத்தவர் புல்லை மிதிக்காமலிருக்க, குடும்பத்தைக் கூடையில் வைத்துக் கிரேன் இறக்கிவிடும். கணவன் சீலன் ஒற்றைக்காலில் நிற்பான், கொக்கு தோற்றது.

வீட்டுக்குள் கட்டிலும் அடுப்பும் போக இடமில்லாததால், குழந்தை நிறைமதி நடை பழக வந்ததும் இங்கேதான். பிடியை விட்டாள், காலை முன்னே வைத்தாள்.

"யம்மா! அது எங்க புல்லு!" பக்கத்துத் துண்டிலிருந்து பரிமளம் அலறினாள்.

"மொத அடி, அக்கா. ஒண்ணே ஒண்ணு" என்று ஓவியா கெஞ்சினாள்.

"இன்னிக்கு அடி வெப்பா, நாளைக்குப் பட்டா கேப்பா!"

சீலன் குழந்தையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே நிறுத்தினான். அதன்பிறகு கால் நீளும்போதெல்லாம் ஓவியாவே பிடித்து இழுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் குழந்தை தேறிவிட்டது: காலைத் தூக்கியது, பரிமளத்தைப் பார்த்தது, தூக்கிய இடத்திலேயே வைத்தது.

"எவ்ளோ சமத்து!" பரிமளம் தன் புல்லில் நின்றபடியே நெட்டி முறித்தாள். பூங்காவே கைதட்டியது.

ஓவியா மட்டும் கைதட்டவில்லை. குனிந்து, குழந்தையின் காதில், "ஓடுடி கண்ணு" என்றாள்.

குழந்தை சிரித்துக்கொண்டே நின்ற இடத்திலேயே ஓடியது.