முதுகுக்குப் பின்னால் சிகரம்

மலைக்காட்டுப் பாதையில் ஓர் அம்புக்குறிப் பலகை நின்றது. ஏறி வருபவர்கள் படிப்பதற்காக அதன் முகம் அடிவாரத்தைப் பார்த்திருந்தது. சிகரம் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மேல என்னதான் இருக்கு?" என்று புல்லில் நெளிந்துகொண்டிருந்த அட்டையிடம் கேட்டது பலகை.

"நேத்துதான் போயிட்டு வந்தேன். முழுக்க ஒருத்தர் சாக்ஸுக்குள்ளயே இருந்தேன். ரத்தம் நல்லா இருந்துச்சு" என்றது அட்டை.

"இறங்கி வர்றவங்க முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல. முதுகுதான் தெரியும்" என்றது பலகை.

ஒரு விடியற்காலையில் யானை ஒன்று வந்து பலகைமேல் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. தேய்த்த வேகத்தில் பலகை திரும்பிவிட்டது. எதிரே சிகரம், அதன்மேல் மூடுபனி. பனி மெல்ல விலகி, பாறையின் ஓரத்தில் வெயில் பட்டது.

அதற்குள் வழிகாட்டி சடையன் ஆட்களோடு வந்துவிட்டார். "நல்லவேளை, இதை நம்பி யாரும் பள்ளத்துப் பக்கம் போகல" என்று சொல்லி, பலகையைப் பழையபடி திருப்பிக் கல் வைத்து இறுக்கினார்.

மாலையில் இறங்கி வந்தவர்கள், அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இப்போதெல்லாம் பலகை யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எங்காவது கிளை ஒடியும் சத்தம் கேட்டால் மட்டும், அந்த யானைக்கு இன்னொரு தரம் உடம்பு அரிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறது.