நான்கு பேரும் ஒன்றாக

வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.

அவள் மறுபடியும் அந்தப் பலகையைப் பார்த்தாள். நான்கு மொழிகளில் ஒரே செய்தி. இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு சூதாட்ட அரங்கில் அனுமதி இல்லை. முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை.

ஐந்து பேர்.

உள்ளேயிருந்து சூடான காற்று வந்தது. கம்பளமும் சிகரெட்டும் கலந்த வாசனை. பின்னால், கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மூடுபனி மலையை விழுங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவர்கள் ஏறி வந்த கேபிள் காரின் கம்பிகள் நடுவானில் முடிந்துபோனவை போலத் தெரிந்தன.

"அக்கா, இங்க பாரு."

தம்பி யுகேந்திரன் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தான். இன்று அவனுக்கு இருபத்தொன்று. தீம் பார்க்கில் குத்திவிட்ட பிறந்தநாள் பேட்ஜ் இன்னும் சட்டையில் இருந்தது.

அப்பா இந்த மலைக்குப் பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பயணிகள் உள்ளே போவார்கள். அவர் ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து தூங்குவார். சின்னவனுக்கு இருபத்தொன்று ஆகட்டும், நாலு பேரும் ஒன்றாக உள்ளே போவோம் என்று எப்போதும் சொல்வார்.

அவள் அதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தாள்.

தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிசந்தான் மா. ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றார் அப்பா.

அடையாள அட்டையை அறையில் விட்டுவிட்டேன் என்றாள்.

"பொய் லா பா. ஃபோன் கவருக்குள்ள நீலமா தெரியுது" என்றான் யுகேந்திரன்.

அப்பா கையை நீட்டினார். எங்கே போனாலும் எல்லோருடைய அட்டையும் அவர் கையில்தான் இருக்கும். அவள் பின்பக்கம் மேலே தெரியும்படி கொடுத்தாள். அவர் பார்க்காமலே மற்ற மூன்றின் மேல் வைத்துக்கொண்டார்.

மூன்று பேர்.

அட்டை புதியது. நான்கு மாதம்தான் ஆகிறது. புகைப்படத்துக்குக் கீழே, குடியுரிமைக்கும் பாலினத்துக்கும் நடுவே, மற்ற மூன்று அட்டைகளிலும் காலியாக இருக்கும் இடத்தில், இதில் ஒரு சொல் இருந்தது.

இஸ்லாம்.

ரிஸால் அவளோடு ஒரே மருந்தகத்தில் வேலை செய்கிறான். நாட்டுச் சட்டப்படி, அவனைக் கட்டிக்கொள்ள அவள் மதம் மாறிப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்துகொண்டாள். புது அட்டையில் அவள் பெயரை அடுத்து அப்பாவின் பெயர் இல்லை, வேறொரு பெயர் இருந்தது. அன்று அவனுடைய அம்மா அவள் கையை விடவே இல்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தம்பியின் பிறந்தநாள் போகட்டும் என்று இருந்தாள். நாளை கீழே இறங்கி வீட்டுக்குப் போகும் காரில், எல்லோரும் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட வேண்டும். வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள்.

ஒருவர்.

வாசலில் அட்டை பார்க்கும் காவலர் ஒரு தமிழ்ப் பெண். கறுப்புக் கோட்டு, இறுக்கிய கொண்டை, சின்னப் பொட்டு. அப்பா நான்கு அட்டைகளையும் சீட்டுக்கட்டைப் போல ஒழுங்காகத் தட்டிக் கொடுத்தார்.

காவலர் மேலே இருந்ததைத் திருப்பினார்.

அவருடைய கட்டைவிரல் நின்றது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்பாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் அவளை.

சொல்லாதீர்கள் என்பதுபோல அவள் தலையை அசைத்தாள். அசைத்தது வெளியே தெரிந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அங்கிள், இவங்க உள்ள போக முடியாது" என்றார் காவலர். "வயசு பத்தல."

முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி அவளுக்காகப் பொய் சொன்னாள்.

யுகேந்திரன் சிரித்தான். "அக்கா, பால் போத்தல் வாங்கித் தரவா?"

அப்பாவும் சிரித்தார். "என்னா மா நீங்க. இவ பெரியவ. இருபத்தாறு முடிஞ்சிருச்சு. சின்னவனுக்கே இன்னிக்கு இருபத்தொண்ணு."

காவலர் கையிலிருந்த மற்ற அட்டைகளை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சொன்னா கேளுங்க அங்கிள். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

மேல் அட்டையை மட்டும் உருவி, அப்பாவைத் தாண்டி, அவளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டினாள். இரண்டு விரல் தூரம் இருந்தது.

அப்பாவின் கை குறுக்கே வந்தது.

"இருங்க, நான் காட்டுறேன்."

அவருக்குக் கோபம் இல்லை. சந்தோஷமாக இருந்தார். "உன் மவள சின்னப் புள்ளன்னு சொல்றாங்க" என்றார் அம்மாவிடம். "என் கண்ணாடிய எடு."

அம்மா கைப்பையைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்தாள். சால்வை நுனியால் ஒரு பக்கம் துடைத்தாள். மறுபக்கம் துடைத்தாள்.

"வேணாம் பா. நான் வெளியவே நிக்கிறேன்."

"நீ சும்மா இரு மா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். வரிசை முழுவதற்கும் கேட்கும்படி எண்ணைப் படித்தார்.

ஒன்பது. எட்டு.

பிறந்த வருடம் அந்த இரண்டிலேயே தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. பன்னிரண்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

காவலர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

எண்ணுக்குக் கீழே பெயர்.

அப்பா அவளுடைய பெயரைப் படித்தார். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. பிறகு, எப்போதும் அதை அடுத்து வருகிற தன் பெயரைச் சொல்வதற்காக மூச்சை இழுத்துக்கொண்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.