வடு விழாத மரக்கத்தி

"இந்தக் கத்தியோடயா நாளைக்கு நிக்கப்போறீங்க, ஒதாகிரி?"

நொபுயேயின் குரல் பயிற்சிக்கூடம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் அவள் கணவர் தெய்ஜி இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. அவருக்காக ஒரு ஜோடிப் பயிற்சி செய்வதாக ஏற்பாடு. கணவரின் மரக்கத்தியோடு நொபுயே நிற்பாள். எதிரே நிற்கவேண்டியவர், இருபத்தாறு வருஷம் தெய்ஜிக்கு ஜோடியாக நின்ற ஒதாகிரி.

அவர் கத்தியோ கண்ணராவி. நுனியிலிருந்து பிடிவரைக்கும் வடு. எலி கடித்துப் போட்ட சோளக்கதிர் மாதிரி இருந்தது.

"இந்த ஒரு தடவை இதோட நிக்கிறேன் அண்ணி. அப்புறம் தொடமாட்டேன்."

"அவரு கத்தியைப் பாருங்க. முன்னெல்லாம் வாரத்துக்கு நாலு வடு விழும். அவருக்கு முடியாமப் போனதும் நான் எண்ணெய் போட ஆரம்பிச்சேன். பதினாலு மாசம், ஒரு கீறல் உண்டா? துணியில ரெண்டு சொட்டு வால்நட் எண்ணெய். அவ்வளவுதான் வேலை. வெயில்ல போடக்கூடாது, சுவத்துல சாய்க்கக்கூடாது, வடு விழுந்தா அன்னிக்கே உப்புத்தாள் போடணும். நேத்து சேர்ந்த பிள்ளைங்ககூடச் செய்யுது."

"நீங்க சொல்றது சரிதான் அண்ணி."

"சரின்னா வேற கத்தி கொண்டு வாங்க. இல்லேன்னா நிக்கவே வேண்டாம். அவருக்கு அவமானம்."

ஒதாகிரி தலை குனிந்தார். கத்தியைத் தாங்கியில் வைத்துவிட்டு, புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

அந்தத் தழும்பைப் பார்த்தால் நொபுயேவுக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. போன குளிர்காலத்தில் தெய்ஜியோடு பயிற்சி செய்யும்போது ஒதாகிரியின் கத்தி நுனி உடைந்து அவர் புருவத்தையே கிழித்துவிட்டது. ஐந்து தையல். அன்றைக்கும் அவள், "எண்ணெய் காணாத மரம் உடையாம என்ன செய்யும்?" என்றுதான் கேட்டாள்.

தெய்ஜிக்கு வந்தது எலும்பில் புற்றுநோய். "கை அதிரக்கூடாது, கத்தியை மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் கூடத்துக்குப் போவார். திரும்பி வந்து, "இன்னிக்கும் ஒதாகிரியை வெளுத்து வாங்கிட்டேன். கை வலிக்கவே இல்ல. டாக்டருக்கு என்ன தெரியும்?" என்பார். அந்த இரண்டு நாள் மட்டும்தான் ஒரு கிண்ணம் சோறு முழுசாக இறங்கும்.

"அவன் கத்தியில சத்தமே வரமாட்டேங்குது. நாய் இருமற மாதிரி டொக்கு டொக்குங்குது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இனி இல்லை.

எல்லோரும் போனபின் அவள் தாங்கியைப் பார்த்தாள். ஒருத்தர் கத்தியை இன்னொருத்தர் தொடக்கூடாது என்பது கூடத்தின் சட்டம். பரவாயில்லை, நாளைக்குக் கணவர் மானம் போகக்கூடாது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஒதாகிரியின் கத்தியைக் கையில் எடுத்ததுமே என்னவோ போல இருந்தது. கனமே இல்லை.

நாலு இழுப்பு இழுத்தாள். உப்புத்தாளில் பழுப்புச் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வெளுத்த மரம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மோந்து பார்த்தாள்.

தேவதாரு.

அரிசிப் பெட்டி செய்யற மரம். அதில் கத்தி செய்து கெட்டியான ஓக் மரக் கத்தியோடு மோதினால் என்றைக்காவது உடைந்து முகத்தில்தான் பாயும். முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தருவது இது. அவளேகூட எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்க வந்த ஒதாகிரி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எத்தனாவது?" என்று கேட்டாள் நொபுயே.

"நாலாவது."

"நீங்களே செதுக்கினதா?"

"ஆமா அண்ணி. சாயம் நல்லா ஏறியிருந்துச்சுன்னு நினைச்சேன்."

"எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?"

"ஓக்கும் ஓக்கும் மோதினா அதிர்ச்சி நேரா எலும்புக்குப் போகும். இது மெத்துன்னு வாங்கிக்கும், அவன் கைக்குப் போகாது." ஓரடி உள்ளே வந்தார். "வராதேன்னு அவனைச் சொல்ல எனக்கு வாய் வரல."

"கண்ணு போயிருந்தா?"

"புருவத்தோட போச்சே." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணி, அவனுக்குத் தெரியாதுல்ல?"

நொபுயே கத்தியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்தாள்.

"தெரியாது. தன் கையில இன்னும் பலம் இருக்குன்னு நம்பிக்கிட்டேதான் போனாரு."

ஒதாகிரி கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நொபுயே உப்புத்தாளை மடித்து உள்ளே வைத்தாள். வடு விழுந்த கத்தியை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு இதோடவே நில்லுங்க. நான் மெதுவா அடிக்கிறேன்."

அவர் வாங்கிக்கொண்டார்.

அவள் தாங்கியிலிருந்த கணவரின் கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"பதினாலு மாசமா இதை என் எண்ணெயோட மகிமைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன், ஒதாகிரி."