கொட்டகையில் ஒரு வீட்டுத் தொலைபேசி

பிரான்சில் ஒரு கூடார முகாம். பாத்திரம் கழுவும் கொட்டகையின் கூரை இடுக்கில் இறங்கும் காலை வெயில் சோப்பு நுரையில் மினுங்குகிறது. சுவரிலுள்ள மின்துளையில் ஹார்மன் தீப்பெட்டி அளவுப் பெட்டியொன்றைச் செருகி, அதில் தம் வீட்டுத் தொலைபேசியை மாட்டியிருக்கிறார். நெதர்லாந்திலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வண்டியேறி வந்த தொலைபேசி அது. முகாமில் இணையம் எடுப்பது இங்கே மட்டும்தான். வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பை இணையம் வழியே இங்கே கொண்டுவருவது அந்தப் பெட்டி; இனி யார் அழைத்தாலும் ஈரத் தட்டுகளுக்கு நடுவே மணி அடிக்கும்.

"எழுபதாவது பிறந்தநாளும் அதுவுமா இங்க வந்து நிக்கிறியே, கேக் காயுது" என்கிறாள் மனைவி வில்மா.

"பத்து மணிக்குத் தங்கச்சி கூப்பிடுவா."

"சண்டை போட்டு ரெண்டு வருஷமாச்சு. நீயே கூப்பிடேன்."

"பிறந்தநாள் எனக்கு. அவதான் கூப்பிடணும். போன வருஷம் இதே நாள் நாம ஊர்ல இல்லாதப்ப, பத்து மணிக்கு வீட்டு போன் மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சுதுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளே."

வாளியோடு வந்த அண்டைக் கூடாரத்துக்காரர் வில்மாவின் கையைக் குலுக்குகிறார். "உங்க வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு உங்களுக்கும் என் வாழ்த்துகள்!" பின்னால் நிற்பவர்களும், பிறந்தநாள்காரரின் வீட்டாரையும் வாழ்த்தும் நெதர்லாந்து வழக்கப்படி, வரிசையாக அவளை வாழ்த்துகிறார்கள். ஹார்மன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையால் பெட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறார். பெட்டியில் பச்சைப் பொட்டு எரிகிறது. பத்து தாண்டி நாலு நிமிடம். தட்டுகள் மோதுகின்றன, தண்ணீர் கொட்டுகிறது.

மணி அடிக்கிறது.

யாரும் சொல்லாமலே ஆறு குழாய்களும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.